இடது கண்ணில் ஒரு சிவப்புப் புள்ளி

தலைவரின் இடது கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் மிருனாவை மழை பிடித்துக்கொண்டது.

பதற வேண்டாம். தலைவர் முழுசாகத் தலைநகரத்து மாளிகையில்தான் இருந்தார். திமிஷ்வாரா நகரத்து விளையாட்டரங்கில் இருந்தது அவருடைய முகம் மட்டும். அதுவும் பள்ளிப் பிள்ளைகளால் செய்த முகம்! ஊரிலுள்ள பதினாறு, பதினேழு வயதுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து படிக்கட்டில் உட்காரவைத்து, ஆளுக்கொரு வண்ண அட்டைக் கட்டைக் கொடுத்துவிடுவார்கள். மைதானத்தில் கொடி அசைந்ததும் மேல் அட்டையை உருவித் தூக்க வேண்டும். ஆகஸ்ட் தேசிய விழாவுக்காகக் கோடை விடுமுறை முழுக்க இதே ஒத்திகை. மூக்குக்கு மட்டும் ஒரு பள்ளிக்கூடமே போயிற்று. காதுக்கு ஆள் பற்றாமல் பக்கத்து ஊரிலிருந்து லாரியில் ஏற்றி வந்தார்கள்... அந்தக் காதுகளுக்குத்தான் எத்தனை வேலை, பாவம்!

மிருனாவுக்குக் கிடைத்தது இடது கண்ணின் பாப்பா. கறுப்பு அட்டை.

மழை என்றால் சாதாரண மழையா? டான்யூப் நதியையே யாரோ தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. பிள்ளைகள் எல்லோரும் கூரையைப் பார்த்து ஓடினார்கள். தலைவரின் முகம் நாலாபக்கமும் சிதறியது. மிருனாவும் ஓடினாள். எதிரே வந்த ஒருவன் மேல் மடேர் என்று மோதினாள். இரண்டு அட்டைக் கட்டுகளும் படியில் உருண்டன.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்றான் அவன்.

"கண்ணே நான்தான்! தலைவரோட இடது கண்ணு. நீ யாரு?"

"டை... கழுத்துல தொங்கறவன்."

"தொங்கறவன் ஒழுங்கா தொங்க வேண்டியதுதானே? எதுக்கு மேல வந்து இடிக்கிற?"

அவன் சிரித்துவிட்டான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கண்கள்... மிருனாவுக்கு நிறம் சொல்லத் தெரியவில்லை. ஆற்றுத் தண்ணீர் மேகத்துக்குக் கீழே எப்படி இருக்குமோ, அப்படி.

"ஹோரியா," என்றான். "டிராம் ஓட்டுறவரோட மகன்."

"நான் கேட்கவே இல்லையே?"

"நீ கேட்கப் போறேன்னு தெரிஞ்சுது. அதான் முந்திக்கிட்டேன்."

கன்னம் சூடானதை மறைக்க, மிருனா குனிந்து கைக்குக் கிடைத்த கட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவளுடைய கட்டின் சணல் கயிறு என்றோ அறுந்துபோய், தலையில் கட்டும் நீல ரிப்பனால் கட்டியிருந்தாள். இப்போது பார்த்தால் ரிப்பன் இல்லை, சணல்தான் இருந்தது. அது உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் மனதில் அப்போது அந்த மழைத்துளி மட்டும்தான் இருந்தது... விழுந்திருக்குமா?

மழை விட்டது. எல்லோரும் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். முதலில் எழுத்து ஒத்திகை, கண்ணுக்கும் டைக்கும் வெள்ளை அட்டை, பிறகு இடைவேளை, அதற்குப் பிறகுதான் முகம் என்பது வழக்கம். ஆனால் தலைநகரத்திலிருந்து வந்திருந்த பெரிய தோழருக்குப் பசி. "முகத்தைக் காட்டுங்க, போதும்!" என்றுவிட்டார்.

கொடி அசைந்தது. மிருனா அட்டையைத் தூக்கினாள். தூக்குகிறவர்களுக்குப் பின்பக்கத்துச் சாம்பல் நிறம்தான் தெரியும். முன்பக்கம் ஊருக்கு.

ஊர் பார்த்தது. தலைவரின் இடது கண்ணில், நட்ட நடுவில், டை நிறத்தில் ஒரு சிவப்புப் புள்ளி! நம் ஊரில் மெட்ராஸ் ஐ வந்தவர்கள் திரிவார்களே, அதே கண். வாசித்துக்கொண்டிருந்த பேண்டு வாத்தியக்காரர்களில் ஒருவனுக்கு மூச்சு மாறி, குழல் மாடு மாதிரி கத்தியது. பெரிய தோழரின் முகம் அந்தப் புள்ளியைவிடச் சிவந்தது. டையில் விழுந்த கறுப்புப் புள்ளியை யாரும் கவனிக்கவில்லை. டைக்கு யார் பயப்படுகிறார்கள்?

விசில்கள் பறந்தன. வெயில் காலத்திலும் கோட்டு போடும் ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் படியேறத் தொடங்கினார்கள். மிருனா அட்டையை இறக்கிவிட்டுக் குறுகி உட்கார்ந்தாள். அண்ணன் எமில் போன வருஷம் டான்யூபை நீந்தி எல்லை தாண்டியவன். அன்றிலிருந்து வீட்டுக்கு எதிரே ஒரு சாம்பல் நிறக் கார் மரம் மாதிரி வேர்விட்டு நின்றது. அம்மா தொலைபேசி மேல் தலையணை வைத்துவிட்டுத்தான் தும்முவாள். பக்கத்து வீட்டு வெத்தா அத்தையின் காது, சுவரில் ஒட்டி ஒட்டியே தட்டையாகிவிட்டது என்று தெருவே சொல்லும். இன்னும் ஒரு கரும்புள்ளி விழுந்தால் அம்மாவுக்கு வேலை போகும், மிருனாவுக்குப் பள்ளிக்கூடம் போகும்.

"எழுந்திரு!"

பக்கத்தில் ஹோரியா. வரிசைக்குள்ளேயே தவழ்ந்து வந்திருந்தான்.

"கட்டு மாறிப்போச்சு. நீ போய் என் இடத்துல உட்காரு. சீக்கிரம்!"

"நீ?"

"உங்க அண்ணன் கதை ஊருக்கே தெரியும். எங்கப்பா பாட்டாளி வர்க்கம். என்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க... போ மிருனா!"

தன் பெயரை அவனுக்கு அவள் சொல்லவே இல்லை என்பது, டைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஒண்ணும் பண்ண மாட்டார்களாம்! வகுப்பு வேறென்றாலும் இருவருக்கும் ஒரே பள்ளி; செப்டம்பரில் பள்ளி திறந்ததும் முதல் காரியமாக இளைஞர் சங்கக் கூட்டம் கூடிற்று. தலைவரின் கண்ணைக் கெடுத்த ஹோரியாவைப் பள்ளியைவிட்டு நீக்குவது என்று தீர்மானம். சங்கப் பொறுப்பாளர் தோழர் ஓப்ரெயா, கரும்பலகைக்கும் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பிறகு கண்ணாடியை மூக்கில் இறக்கி, "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க," என்றாள்.

அங்கே கை தூக்குவது என்பது மூச்சுவிடுவது மாதிரி. யாரும் யோசிப்பதில்லை. அறை முழுக்கக் கைகள் முளைத்தன. மிருனாவின் கை மட்டும் மடியில் கிடந்தது. ஓப்ரெயாவின் பார்வை வரிசை வரிசையாக நகர்ந்து வந்தது... முன் வரிசை... அடுத்தது...

ஹோரியா மேடை ஓரமாக நின்றிருந்தான். அவனை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. மேசையில் யாரோ பேனாக்கத்தியால் செதுக்கியிருந்த ஒரு படகைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.

அந்தக் கை அதன் பிறகு அவளுடையதாகவே இல்லை. ரொட்டி வெட்டினாலும், தலை வாரினாலும்... நீதானே தூக்கினாய்? நீதானே? வீட்டில் அழ முடியாது, காது இருக்கிறது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர் வராத நாட்களில் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுவாள். திமிஷ்வாராவில் தண்ணீர் வராத நாட்களே அதிகம்.

நவம்பரில் ஒரு நாள் முட்டைக்கான வரிசை. அந்த வரிசையின் வால் செர்பிய எல்லைவரை போயிருக்கும். ஆட்களுக்குப் பதில் பைகளும் கற்களும் இடம் பிடித்து நின்றன. மிருனா தன் பையை நகர்த்தும்போது முன்னால் இருந்த பையை ஒரு கை நகர்த்தியது. டிராம் பணிமனையின் கிரீஸ் கறை படிந்த கை.

நிமிர்ந்தாள். அதே ஆற்றுக் கண்கள்... ஆனால் மேகம் கூடியிருந்தது.

மன்னிப்புக் கேள், இப்போதே கேள் என்று மனசு முட்டியது. வாயைத் திறந்தாள். பின்னால் வெத்தா அத்தை இருமினாள்.

"படிப்பெல்லாம் எப்படிப் போகுது... தோழர்?" என்றான் ஹோரியா.

தோழர்! கூட்டத்தில் ஓப்ரெயா சொல்லும் சொல். கல்லால் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. எவ்வளவு திமிர் இவனுக்கு என்று நினைத்தாள். முகத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"ரொம்ப நல்லாப் போகுது, தோழர். உங்க டிராமெல்லாம் நேரத்துக்கு வருதா?"

அவன் பையை எடுத்துக்கொண்டு வரிசையைவிட்டே போய்விட்டான். முட்டை வரிசையிலிருந்து வெறும் கையோடு ஒருவன் தானாக வெளியேறினான் என்றால், அந்த ஊரில் அதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று மரணம். இன்னொன்று, மிருனாவுக்கு அன்று தெரியவில்லை. ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை...

டிசம்பர் வந்தது. ஒரு பாதிரியாரை வீட்டைவிட்டு வெளியேற்றப் போகிறார்கள் என்று அவர் வாசலில் கொஞ்சம் பேர் கூடினார்கள். மறுநாள் கூட்டம் தெருவை அடைத்தது. டிராம்கள் நின்றன. ஞாயிற்றுக்கிழமை பட்டாளம் சுட்டது. அம்மா கதவுக்குக் குறுக்கே அலமாரியை நகர்த்தி, அதன்மேல் மிருனாவின் பள்ளிப் புத்தகங்களையெல்லாம் அடுக்கி, அதற்கும் மேலே தானே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"டிராம் டிப்போ ஆளுங்கதான் முதல்ல போனாங்களாம்," என்று மட்டும் சொன்னாள்.

மிருனா அந்த இரவுகளில் துண்டு தேடவில்லை. அழுகை வெளியே கேட்டால் கேட்கட்டும்.

புதன்கிழமை காலை ஆலைகள் எல்லாம் வெறிச்சோடின. தொழிலாளிகள் அணி அணியாக நகரத்துக்குள் வந்தார்கள். பட்டாளம் துப்பாக்கியைத் தாழ்த்தியது. அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. அலமாரியைச் சற்றே தள்ளிக் கதவை ஓர் இடுக்கு திறந்தால்... வெத்தா அத்தை!

அம்மா வெளுத்துப்போனாள். அத்தை உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"ஏண்டி மிருனா, உன் ஹோரியா ஆப்பெரா சதுக்கத்துல நிக்கிறான். கையில கட்டு. நீ இன்னும் இங்க என்ன பண்ற?"

"என்... என் ஹோரியாவா?"

"சுவரு மெல்லிசு, கண்ணு. இலை உதிர ஆரம்பிச்சதுலேருந்து அந்தப் பேரைத்தானே கேட்டுட்டிருக்கேன். எனக்கே அவன் மேல ஆசை வந்துடும் போல இருந்துது."

அம்மா கேட்டாள், "அப்போ... இதையெல்லாம் நீங்க எழுதிக் கொடுக்கலையா?"

"காதல் அழுகையை எந்த அதிகாரிகிட்ட எழுதிக் கொடுக்கறது? அதுக்குன்னு அவங்ககிட்ட ஆளே இல்லையே!" அத்தை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மத்ததெல்லாம் எழுதினேன். உங்க எமில் போனதைக்கூட... அதை இன்னொரு நாள் கேளு. இப்போ பொண்ணை விடு."

அம்மா அத்தையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அலமாரியை முழுசாக நகர்த்தினாள்.

சதுக்கத்தில் தலைகள், தலைகள்... ஊரே திரண்டிருந்தது. கல்லறையிலிருந்துகூட நாலு பேர் எழுந்து வந்திருப்பார்கள்! அவ்வளவு பேரில் ஒருவனை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனால் கொடிகளின் நடுவில் ஒரு நீலம் தெரிந்தது. கழுத்திலிருந்து இடது கையைத் தாங்கிய வெள்ளைக் கட்டு, அதன் முடிச்சில் ஒரு நீல ரிப்பன்.

மிருனா ஓடினாள். இந்த முறை மோதவில்லை. ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"ஹோரியா... அன்னைக்கு நானும் கை தூக்கினேன்."

"தெரியும்."

"மன்னிப்புக் கேட்கக்கூட..."

"நான்தானே தூக்கச் சொன்னேன்!"

"எப்போ?"

"மேடையிலேருந்து உன்னையே பார்த்துத் தலையாட்டிக்கிட்டே இருந்தேன். தூக்கு, தூக்குன்னு. கழுத்தே சுளுக்கிடுச்சு. நீதான்... ஒரு தடவைகூடப் பார்க்கல." அவன் குரல் இறங்கியது. "பார்க்கக்கூடப் பிடிக்காத அளவுக்கு நீ என்னை வெறுத்துட்டேன்னு நினைச்சேன். வெறுத்தாலும் நியாயம்தான்."

"நியாயமா? எதுக்கு?"

ஹோரியா ரிப்பனைத் தொட்டான்.

"கட்டு மாறினது எனக்கு அப்பவே தெரியும் மிருனா. படியில இதைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. இடைவேளையில திருப்பிக் கொடுக்கற சாக்குல உன்கிட்ட இன்னொரு தடவை பேசலாமேன்னு... ஜூலையிலேருந்து டைக்குள்ள உட்கார்ந்து கண்ணையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். உன்னை ரொம்பப் பிடிக்கும். அந்தப் பிடிப்புல உன் அம்மா வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன். அதைச் சொல்ல வாய் வரல. அதனாலதான் அன்னைக்கு 'தோழர்'னு..."

மிருனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. நாட்டையே வேவு பார்த்த கண்ணுக்குள் உட்கார்ந்தவள், நிமிர்ந்து பார்க்க வேண்டிய ஒரே ஒரு நொடியில் படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்! ஓர் இலையுதிர் காலம் முழுவதும் அவர்களிடையே இருந்தது ஒரு முட்டை வரிசை தூரம்தான். அந்த மாலைகள் இனி வரா. அவன் விட்ட பள்ளி பெஞ்சில் இப்போது வேறு யாரோ. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் அவன் பக்கத்தில் நடந்த நண்பன், இன்று இல்லை.

"எனக்கும்..." என்றாள். "அந்த மழைத்துளி விழுந்துதா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டே கட்டைப் பார்க்காம ஓடினேன். எனக்கும் அப்பவே பிடிச்சுது. சொல்ல இவ்வளவு நாள்..."

அவனுடைய நல்ல கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதன் கிரீஸ் கறை இன்னும் போயிருக்கவில்லை.

பால்கனியிலிருந்து யாரோ ஒலிபெருக்கியில் கத்தினார்: "அந்தத் தலைவன் பதவியிலேருந்து இறங்கற வரைக்கும் இங்கேயே இருப்போமா? இருக்கிறவங்க கை தூக்குங்க!"

சதுக்கம் முழுக்கக் கைகள் எழுந்தன. இந்த முறை யாரும் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வரவில்லை.

"தூக்கு மிருனா," என்றான் ஹோரியா. "எல்லாரும் தூக்கறாங்க."

அவள் அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். கைப்பிடியைத் தளர்த்தவில்லை.

"மாட்டேன்," என்றாள். "அன்னைக்கே சொல்லியிருக்கணும்... மாட்டேன்."