ஏழு நாள் முன்கூட்டியே சாகவும்!

"ஆ... ஆ...ஆஆ...!"

அலறல் ஒலிபெருக்கியில் வந்தது.

நூலக அரங்கில் உட்கார்ந்திருந்த நூற்றிருபது பேரும் ஒரு கணம் மூச்சை அடக்கினார்கள். பிறகு... கை தட்டினார்கள்!

பலமான கைதட்டல். பின்வரிசையில் விசில் வேறு.

பேச வந்திருந்தவர் க்ரைம் எழுத்தாளர். அறுபத்திரண்டு நாவல்கள் எழுதியவர். மேடை ஏறுவதற்கு முன்னால் இப்படி ஓர் அலறலை எடுத்து விடுவதும் நிகழ்ச்சியில் சேர்ந்ததுதான் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது.

லைப்ரரியம்மா மட்டும் கை தட்டவில்லை.

பதினெட்டு வருடமாக அந்த நூலகத்தில் நிகழ்ச்சிகள் நடத்துகிறவள் அவள். கதை சொல்லும் நேரம், சதுரங்கப் பயிற்சி, கண் பரிசோதனை முகாம், எழுத்தாளர் சந்திப்பு... எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்கு வைத்திருப்பாள். கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாள்.

பத்தரை மணி. வரவேற்புரை.

அலறல் என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை!

ஒலிபெருக்கியில் 'ணங்' என்றது. தொடர்ந்து இன்னொரு 'ணங்'. அப்புறம் ஈரமாக ஏதோ ஒரு சத்தம்...

லைப்ரரியம்மா எழுந்து ஓடினாள்.

மேடைக்குப் பின்னால் சின்ன அறை. பேச வருகிறவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற அறை. கதவு திறந்தே கிடந்தது.

எழுத்தாளர் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. ரத்தம் கதவு வரைக்கும் ஓடி வந்திருந்தது. சட்டைக் காலரில் குத்தியிருந்த குட்டி மைக் சின்னதாகப் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவன், மைக் செட் போடுகிறவன்.

அவன் கையில் மைக் ஸ்டாண்டு. அதன் கனத்த இரும்பு அடித்தட்டில் ரத்தமும் முடியும்!

அவன் லைப்ரரியம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

"அக்கா! நான் இல்லக்கா! ஒயர் எடுக்கப் பின்னாடி போயிருந்தேன்... சத்தம் கேட்டு ஓடி வந்தேன்... இது அவர் மேல கிடந்துச்சு... தூக்கினேன்... அவ்வளவுதாங்கா!"

"வாயை மூடுடா! மைக் ஆன்ல இருக்கு!"

மூடி என்ன பிரயோஜனம்? அவன் சொன்னது ஒன்றுவிடாமல் அரங்கத்துக்குப் போய்விட்டது. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. வாசகர் வட்டத் தலைவர். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. இருபது வருடமாக அந்த நூலகத்தின் எல்லாக் கூட்டத்துக்கும் தலைமை அவர்தான்.

எட்டிப் பார்த்தார். "ஐயோ..." என்றார். திரும்பினார். நேராக மேடைக்குப் போனார். மைக்கைப் பிடித்தார்.

"யாரும் பதற வேண்டாம்..." என்று ஆரம்பித்தவர், போலீஸ் வந்து சேரும் வரைக்கும் பதினோரு நிமிடம் பேசினார்.

*

இன்ஸ்பெக்டர் குள்ளமாக இருந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

"நேத்து மைக் டெஸ்ட்ல எழுத்தாளருக்கும் உங்க தம்பிக்கும் தகராறாமே?"

"மைக் கரகரங்குதுன்னு அவர் நாலு பேர் முன்னாடி திட்டினார் சார். இவனுக்கும் கோவம் வந்துடுச்சு."

"கோவத்துல என்ன சொன்னான்?"

லைப்ரரியம்மா தம்பியைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா."

"'ஸ்டாண்டாலயே ஒண்ணு போட்டா சரியாயிடும்'னு..."

"போட்டுட்டான்!"

"சார்! அவன் வாய்தான் சார் நீளம். எங்கம்மா சாகும்போது அவனை என் கையில பிடிச்சுக் கொடுத்துட்டுப் போனாங்க. ஒரு எலியைக்கூட அடிக்க மாட்டான் சார்..."

"எலி அவனைத் திட்டியிருக்காதும்மா."

தம்பியின் கையில் விலங்கு மாட்டினார்கள். கன்னத்தில் ஓர் அடியும் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் அழாமல் அக்காவையே பார்த்தான். இவனை இப்படியே விட்டால் தூக்கில்தான் போய் நிற்பான் என்று தோன்றியது.

தலைவரை மட்டும் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லி முடிக்க மாட்டார் என்ற பயம் போலீசுக்கும் இருந்தது.

"நாளைக்கு ஓவியப் போட்டின்னு வாசல்ல போட்டிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "நாலு நாளைக்கு இந்த அரங்கத்துல ஈ, காக்கா நுழையக் கூடாது. எல்லாத்தையும் ரத்து பண்ணி போர்டு வையுங்க."

*

லைப்ரரியம்மாவின் அறை அடித்தளத்தில் இருந்தது. கல் சுவர், கனத்த கதவு. மேலே இடி விழுந்தாலும் கீழே கேட்காது. கீழே கத்தினால் மேலேயும் கேட்காது!

அடுத்த பத்து நாளைக்கு என்னென்ன நிகழ்ச்சி என்று பார்க்க அரங்கு விண்ணப்பக் கோப்பை எடுத்தாள்.

அந்த அரங்கு வேண்டுமென்றால் ஏழு நாளுக்கு முன்னால் விண்ணப்பம் தர வேண்டும். தலைபோகிற காரியமானாலும் அதே விதிதான். கொண்டு வந்தவரே தலைவர்தான். ஒருமுறை அவருக்கு ஆகாத இலக்கிய மன்றத்துக்காரர்கள் ஓர் இரங்கல் கூட்டத்தை முந்திக்கொண்டு நடத்திவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில் போட்ட விதி. அதிலிருந்து அங்கே யார் செத்தாலும் எட்டாம் நாள்தான் இரங்கல்!

விண்ணப்பங்கள் கட்டாக வரும். லைப்ரரியம்மா அடியில் மட்டும் பார்த்துத் தேதி முத்திரை குத்துவாள், 'அனுமதி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அறிவிப்புப் பலகை எழுதும்போதுதான் மேலே படிப்பாள்.

இப்போது படித்தாள்.

ஞாயிறு: ஓவியப் போட்டி. திங்கள்: கண் பரிசோதனை. செவ்வாய்: சதுரங்கம்.

புதன் மாலை ஐந்து மணி: மறைந்த க்ரைம் எழுத்தாளருக்கு இரங்கல் கூட்டம். தலைமை: வாசகர் வட்டத் தலைவர்.

'அதற்குள்ளேயே கொடுத்துவிட்டாரா?' என்றுதான் முதலில் நினைத்தாள்.

முத்திரையைப் பார்த்தாள்.

போன செவ்வாய்க்கிழமை!

இன்று சனிக்கிழமை. எழுத்தாளர் செத்து முழுதாக இரண்டு மணி நேரம் ஆகவில்லை. வியாழக்கிழமைகூட போன் பண்ணி, 'குடிக்க வெந்நீர்தான் வேணும், பச்சைத் தண்ணி ஆகாது' என்று சொன்ன மனுஷன்!

முத்திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் மறுபடி பார்த்தாள்.

"படிச்சிட்டீங்களா?"

பின்னால் குரல். கதவு மூடப்படும் சத்தம். தாழ்ப்பாள்.

தலைவர்!

புத்தகம் பைண்டிங் பண்ணுகிற மேசையில் கிடந்த கத்தியை நிதானமாக எடுத்துக்கொண்டார்.

"நீங்க எதையும் படிக்க மாட்டீங்கன்னு நம்பித்தான் கொடுத்தேன். கூட்டம் கலைஞ்சதும் வந்து 'மறைந்த', 'இரங்கல்' ரெண்டையும் அடிச்சுட்டுப் 'பாராட்டு'ன்னு திருத்திடலாம்னு இருந்தேன். இந்த இன்ஸ்பெக்டர் ரத்து, கித்துன்னு அவசரப்பட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டான்."

"ஏன் சார்... அவர் உங்க சிநேகிதர்தானே?"

"சிநேகிதன்னு நம்பித்தான் ஒரு நாள் உளறினேன். என் பொண்டாட்டி மாடிப்படியில தானா விழலை... எப்படித் தள்ளினேன், எத்தனை படி உருண்டா... எல்லாம் சொன்னேன். பாவி, பேரை மட்டும் மாத்தி நாவலாக்கிட்டான்! முதல் அத்தியாயத்தை இன்னிக்கு மேடையில வாசிக்கப் போறேன்னு என்கிட்டயே சொல்றான்! அதுவும் என் தலைமையில!"

"என் தம்பி என்ன சார் பண்ணான்? அவனை விட்டுடச் சொல்லுங்க. நான் யார்கிட்டயும்..."

"அந்தக் கவர் எங்கே?"

"எந்தக் கவர்?"

"நகல் எடுத்துக் கொடுக்கச் சொல்லி அவன் உங்ககிட்ட கொடுத்த முதல் அத்தியாயம்!"

"மேல... நகல் எடுக்கிற இடத்துல... நான் அதைத் தொடவே இல்லை சார்! கொலைக் கதை படிச்சா எனக்குத் தலைவலி வரும்!"

"இனிமே வராது."

கத்தி பாய்ந்தது!

லைப்ரரியம்மா விலகினாள். அப்படியும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சர்ரென்று கிழித்தது. ரத்தம் கோப்பின் மேல் சொட்டியது. கையில் அகப்பட்ட தடித்த அகராதியைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது.

"ஏய்...!"

அவள் தலைமுடியைப் பிடித்தார். சுவரில் மோதினார். ஒரு தடவை... இரண்டு தடவை... கண் இருண்டது.

'நான் செத்துவிட்டால் தம்பிக்கு யார் இருக்கிறார்கள்?'

குனிந்து அவர் கையைக் கடித்தாள். சதை பிய்ந்து வந்தது. பிடி விட்டது. உள்பக்கத்துப் புத்தகக் கிடங்குக்குள் ஓடினாள்.

அங்கே பழைய பத்திரிகைத் தொகுப்புகள் அடுக்கிய இரும்பு அலமாரிகள். தண்டவாளத்தில் நிற்பவை. ஓரத்துச் சக்கரத்தைச் சுற்றினால் ஒன்றோடொன்று நெருங்கி வரும். ஒவ்வொன்றும் ஒரு லாரி கனம்.

நடுவில் இருந்த சந்தில் நுழைந்தாள். மறுமுனையில் வெளியே வந்து, சுற்றிக்கொண்டு சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்தாள். கையை வாயில் வைத்து மூச்சை அடக்கினாள்.

தரையில் சொட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே தலைவர் சந்துக்குள் நுழைந்தார்.

"ஓடாதீங்கம்மா... வலிக்காம முடிச்சிடறேன்... உங்களைப் பத்தி நல்லாத்தான் பேசுவேன்..."

லைப்ரரியம்மா சக்கரத்தைப் பிடித்தாள். கிழிந்த கையின் வலியில் உயிர் போயிற்று.

சுற்றினாள்!

கிர்ர்ர்...

"என்ன... ஏய்! நிறுத்து! நிறுத்துடீ!"

இன்னொரு சுற்று. கத்தி கீழே விழுந்தது. இன்னொரு சுற்று. விலா எலும்புகள் 'மளுக்... மளுக்' என்றன. தலைவர் அலறினார். இருபது வருடத்தில் மைக் இல்லாமல் அவர் எழுப்பிய முதல் சத்தம் அது.

அதற்கு மேல் அவள் சுற்றவில்லை. சுற்றியிருக்கலாம். கை பரபரத்தது. தம்பிக்காக அந்த ஆள் வாயைத் திறந்து சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

*

லைப்ரரியம்மா தாழ்ப்பாளைத் திறந்து, மேலே ஓடிப் போய் இன்ஸ்பெக்டரைக் கூட்டி வந்தாள். அலமாரியை நகர்த்தித் தலைவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். ஆறு விலா எலும்பு போயிருந்தது. மூச்சு விடவே சிரமப்பட்டார். இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் இரண்டிரண்டு வார்த்தையில் பதில் சொன்னார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

தம்பியின் விலங்கைக் கழற்றினார்கள்.

அவன் ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டான். பெரிய ஆள், தேம்பித் தேம்பி அழுதான். அவளும் அழுதாள்.

"இனிமே யார்கிட்டயாவது வாயைக் கொடுப்பியா?"

"மாட்டேங்கா."

"மன்னிச்சுக்கணும்மா," என்று மூக்கை உறிஞ்சினார் இன்ஸ்பெக்டர். "அந்த ஃபாரத்தைக் கொடுங்க. அதான் முக்கியமான சாட்சி."

கோப்பை நீட்டினாள். புதன்கிழமை விண்ணப்பத்தை அவர் உருவி எடுத்தார். அடுத்த தாளில் அவர் கண் நின்றது.

"மேடம்..."

"என்ன சார்?"

"இன்னொண்ணும் இருக்கு. அதே கையெழுத்து. அதே செவ்வாய்க்கிழமை முத்திரை."

லைப்ரரியம்மா வாங்கிப் படித்தாள்.

அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணி: மறைந்த நம் நூலகர் அம்மையாருக்கு இரங்கல் கூட்டம். தலைமை: வாசகர் வட்டத் தலைவர்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கவர் அவளிடம் இருப்பது தெரிந்த அன்றைக்கே அந்த ஆள் அவளுக்கும் நாள் குறித்துவிட்டார். கத்தி எடுத்தது ஆத்திரத்தில் அல்ல... ஒரு வாரத்தை முன்னால் இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான்!

தம்பி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். தாளின் அடிப்பகுதியைக் காட்டினான்.

"அக்கா... இதுக்கு நீயே அனுமதி கொடுத்திருக்கியே!"

உண்மைதான். 'அனுமதி.' கீழே அவளுடைய அழகான கையெழுத்து.

லைப்ரரியம்மா மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"மேடம், அது சாட்சி! அதுல எதுவும் எழுதக் கூடாது!"

"ஒரே ஒரு வரி சார். ரத்து பண்ணா காரணம் எழுதணும். அதுவும் விதிதான்."

எழுதினாள்.

'சம்பந்தப்பட்டவர் ஒத்துழைக்க மறுத்ததால் நிகழ்ச்சி ரத்து!'