மிஸ் ஹார்ட்லி அடுக்கிய அறைகள்

1994 தை மாதம், ஒரு பின்மதியம். நகரின் கபேஜ்ரவுன் பகுதியில் இருந்த பழைய செங்கல் வீட்டைச் சாமான் கட்டி ஒதுக்கிக் கொடுக்க யோகமலரும் பேர்ணடெற்றும் வந்திறங்கினார்கள். இருவரும் ஒரே துப்புரவுக் கொம்பனியில் வேலை. வீட்டுக்காரி மிஸ் ஹார்ட்லி செத்து மூன்று கிழமை.

கதவுத் திறப்பைத் தந்த அவளுடைய மருமகன் வாசலைத் தாண்டவில்லை. அத்தை முப்பது வருடம் ஹொலிவூட் ஸ்ரூடியோவில் படங்களுக்கு அறை அடுக்கியவளாம். கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகி விழுந்து அழுகிற சோபா, போட்டுடைக்கிற பூச்சாடி, யன்னல் திரை எல்லாம் அவள் தேடிப்பிடித்து வைத்தவை. பரிசு வாங்க மேடையேறியது எப்போதும் வேறு யாரோ. கடைசிப் படத்தில், கேளாமல் அவள் வைத்த கதிரையை நகர்த்திய நடிகனின் கையில் கத்தரிக்கோலால் குத்திவிட்டாள். அதோடு வேலை போயிற்று.

கூடத்தில் பசையும் பழைய முகப்பவுடரும் மணத்தன. யோகமலர் மேசைவிளக்கைப் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

விளக்கு மேசையில் இருந்தது.

எரிந்துகொண்டிருந்தது.

"பேர்ணடெற், நீ எடுத்து வைச்சனியே?"

"நான் உந்தப் பக்கமே வரேல்லையடி."

சொல்லிக்கொண்டே பேர்ணடெற் அலுமாரி லாச்சியை இழுத்தாள். அது அவள் விரல்கள்மேல் அறைந்து மூடியது. இருவரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. உள்ளே யாரோ பிடித்திருப்பதுபோல இருந்தது. பிறகு தானாகவே விட்டது. லாச்சிக்குள், இரத்தம் சொட்டிய இடத்தில் ஒரு பட அல்பம் கிடந்தது.

பக்கத்துக்கு ஒரு அறையின் படம். ஒன்றிலும் ஆளில்லை. கீழே பொடிக் கையெழுத்தில் வருடம்: 1938, 1941, 1947.

கடைசிப் படம் கலரில் இருந்தது.

ஸ்காபரோவில் இருந்த யோகமலர் வீட்டுக் குசினி. காலையில் அவள் கழுவாமல் விட்டுவந்த தேத்தண்ணிக் கோப்பையும் அதில் இருந்தது.

அதன் கீழே, அதே கையெழுத்தில், ஆங்கிலத்தில்: 'எல்லாம் பிழை.'

பேர்ணடெற்றை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அங்கிருந்தே வீட்டுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சப்வேயிலும் பஸ்ஸிலும் வந்து சேர்ந்தாள்.

கதவைத் திறந்த கணவன் மகேஸ்வரன் சிரித்தான். அவனுக்குப் பின்னால் குசினி முழுதும் இடம் மாறியிருந்தது. கதிரைகள் எல்லாம் ஒரே வெறுஞ்சுவரைப் பார்த்து நின்றன.

"நீர் அனுப்பின வெள்ளைக்கார அன்ரி கெட்டிக்காரியப்பா. போன் அடிக்க அடிக்க, எடுக்க வேண்டாமெண்டு கையைக் காட்டினவ."

"நான்... ஒருத்தரையும் அனுப்பேல்லை."

"பகிடி விடாதையும். இப்பவும் உள்ளுக்கதான் நிக்கிறா."

மூடிய படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், கட்டில் மெல்ல இழுபடத் தொடங்கியது.