பிறருணரி

பயிற்சிக் கோப்பில் மூன்றாவது முறையாக ஜெசிந்தா கையெழுத்திட்டாள். பத்தே விநாடிகளில் மூச்சு அடைத்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த பிறருணரி சிவப்பாக எரிந்தது.

ஓர் ஆணையில் கையெழுத்து விழுந்ததும், அது யாரைத் தொடுகிறதோ அவர்களின் அடுத்த பத்தாண்டுகளைக் கணித்து, அந்தத் துயரத்தை ஐந்து நிமிடங்களில் கையெழுத்திட்டவரின் நரம்புகளுக்குள் செலுத்தும் கருவி அது. பொது நிர்வாக முதுகலை படிப்பவர்களுக்குக் கோப்பு தெரிகிறது, மனிதர்களைத் தெரியவில்லை என்ற பழைய குறையைத் தீர்க்க வந்தது. படிப்பை முடித்தவர்கள் வேலையிலும் அதைக் கழற்றக் கூடாது. தேர்வில் வலி அலகு முந்நூறைத் தாண்டினால் தோல்வி.

"எவ்வளவும்மா வந்துச்சு?" என்றார் பக்கத்து இருக்கை மாசிலாமணி. பகலில் மின்வாரிய எழுத்தர். மாலை வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவர்.

"ஜனங்களை இடம் மாத்துனா நானூத்திப் பத்து சார். மாத்த வேணாம்னு போட்டா தொள்ளாயிரம்."

கோப்பு பாலையன்குப்பத்தைப் பற்றியது. கடல் தெருவுக்குள் வந்துகொண்டிருக்கிறது. முந்நூறு குடும்பங்களை ஐப்பசிக்குள் கரையிலிருந்து தள்ளி உள்ளே மாற்ற வேண்டும். இறுதித் தேர்வுக்கும் இதே கோப்புதான். நாற்பது மாணவர்கள் இடும் ஆணைகளில் வலி குறைந்தது எதுவோ, அதை அரசு அப்படியே நிறைவேற்றும். குப்பத்தில் கடலை ஒட்டிய கடைசி வரிசையில் அவள் அண்ணன் சேவியரின் வீடு இருந்தது. அதை அவள் வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை.

மாசிலாமணி தன் கோப்பில் ஒரே வரி எழுதி ஒப்பமிட்டார்: 'துறைகளின் கருத்தைப் பெற்று மீண்டும் சமர்ப்பிக்கவும்.' அவர் மணிக்கட்டில் பச்சை எரிந்தது. பூஜ்யம்.

"இது ஆணை இல்லம்மா. ஆணை இல்லன்னா விளைவு இல்ல, வலியும் இல்ல. முப்பது வருஷமா நாங்க பண்றதை மிஷின் இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு."

"தண்ணி வருமே சார்."

"வரும். ஆனா அது நீ வரச் சொன்ன தண்ணி இல்லையே."

ஜெசிந்தா பேராசிரியர் பார்கவியிடம் போனாள். "மேடம், பூஜ்யத்துக்கு மார்க் குடுக்கக் கூடாது."

"நானும் மேல எழுதினேன். துறைகளோட கருத்தைக் கேட்டிருக்கோம்னு பதில் வந்துச்சு." பார்கவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாப்பது பேர்ல ஒருத்தராவது ஆணை போடுவாங்க. ஒண்ணு இருந்தாப் போதும், அரசு அதை நிறைவேத்திரும்."

தேர்வு நாளன்று ஜெசிந்தா குறிப்பேட்டில் போட்டிருந்த வலிக் கணக்கை மனத்துக்குள் இரண்டு முறை சரிபார்த்தாள். இடமாற்றமே சரி. 'ஆணையிடப்படுகிறது' என்றுகூட எழுதிவிட்டாள். பிறகு அந்த மூச்சடைப்பு நினைவுக்கு வந்தது. நானூற்றுப் பத்து என்றால் தோல்வி; மூன்று வருட மாலைகள் வீணாகும். ஒருவேளை கணக்கிலேயே பிழை இருந்தால்? குனிந்திருந்த முப்பத்தொன்பது தலைகளைப் பார்த்தாள். அவர்களில் ஒருவர் நிச்சயம் போடுவார். அவளைவிடத் துணிச்சலானவர், சந்தேகமில்லாதவர்.

எழுதியதை அடித்துவிட்டு மாசிலாமணியின் அந்த ஒரு வரியை எழுதி ஒப்பமிட்டாள். கோப்பு மூடிக்கொண்டது.

அதன்பின் ஒரு சிவப்பு விளக்குக்காகக் காத்திருந்தாள். முன்வரிசையில் பச்சை. சன்னலோரம் பச்சை. கடைசியாக ஒப்பமிட்ட பெண் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்களிலும் அதே தேடல் இருந்தது. அவள் கையிலும் பச்சை.

நாற்பது பேருக்கும் பூஜ்யம்; கல்லூரி வரலாற்றில் இதுவே மிகச் சிறந்த வகுப்பு என்று அறிவித்தார்கள். வாயிலில் நிற்கும்போது சேவியரின் அழைப்பு வந்தது.

"பாப்பா, ஆர்டர் எதுவும் வரலையாம். சாமானெல்லாம் கட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கோம். பிரிச்சிரலாமா, இல்ல நாங்களாக் கெளம்பிரட்டுமா? இங்க ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்றான். நீ படிச்சவ, நீ சொல்லு. நீ சொல்றதைச் செய்யிறோம்."

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். பார்வை மணிக்கட்டுக்குப் போயிற்று.

"கேட்டுச் சொல்றேண்ணே," என்றாள்.