மீதிப் படம்

வைட்ஃபீல்டில் அந்த அடுக்குமாடி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே பிரிஸில்லா கழுத்துச் சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். பட்டப்பகல். சபையில் யார் கண்ணிலாவது பட்டால், ஓய்வுநாள் பள்ளி டீச்சர் மந்திரக்காரியிடம் போனாள் என்று ஜீவனஹள்ளி முழுக்கப் பேச்சாகிவிடும். ஆகட்டும். பக்கவாதம் வந்து புருஷன் லாயிட் படுத்துப் பத்து மாதம். மனுஷன் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசினால் போதும்.

பதினோராவது மாடியில் கதவு திறந்ததும் காய்ந்த இலை எரிந்த வாடை வந்தது. அம்ருதா ஐ.டி. வேலையை விட்டுவிட்டு சக்தி சிகிச்சை செய்பவள். மேஜையில் உப்பால் போட்ட வட்டம், ஸ்படிகக் கற்கள், பேர் தெரியாத ஒரு பெண் தெய்வத்தின் சிலை.

"ஃபோன்ல சொன்ன மாதிரி அங்கிள் மட்டும் இருக்கிற போட்டோதானே, ஆன்ட்டி?"

"வேற யாராச்சும் இருந்தா என்னம்மா?"

"படத்துல இருக்கிற எல்லாருக்கும் சக்தி போயிடும். என்னால பிரிச்சுக் குடுக்க முடியாது."

பிரிஸில்லா படத்தை நீட்டினாள். லாயிட்டின் இடது தோளைக் கட்டைவிரலால் மறைத்திருந்தாள்.

அவர் தனியாக நிற்கிற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. தன் கல்யாணப் படத்தில் கத்தரி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. செத்துப்போன மூத்த தாரம் கேத்தரினோடு அவர் நிற்கிற படத்தில் மட்டும் கத்தரி சந்தோஷமாகவே இறங்கியது. ஐந்து வருஷமாக அலமாரிக்குள்ளிருந்து சிரித்த முகம். அதை அடுப்பில் காட்டினாள். வீட்டு லைட்டர் எப்போதும் மூன்றாவது சொடுக்கில்தான் பற்றும். அன்றும் அப்படித்தான். லாயிட்டின் தோளில் கிடந்த கேத்தரினின் கையை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் அவர் தோளும் போய்விடும். வெறும் கைதானே என்று விட்டுவிட்டாள்.

அம்ருதா படத்தை உப்பு வட்டத்துக்குள் வைத்து வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினாள். ஓசை அடங்கவே இல்லை.

"ஆன்ட்டி," என்று கிசுகிசுத்தாள். "ரெண்டு பேர் வாங்குறாங்க."

"இல்லம்மா. அவர் மட்டும்தான்."

வீட்டுக்கு வந்தபோது லாயிட் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். பிரிஸில்லா ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் நாள் அவர் நடந்தார். இடது தோள் மட்டும் யாரோ தொங்குகிற மாதிரி இறங்கியே இருந்தது. எண்ணெய் தேய்க்கச் சட்டையைக் கழற்றினாள்.

தோளில் நான்கு விரல் தடம்.

தொட்டால் ஐஸ்.

"இரு கேத்தி, கேக்குறேன்," என்றார் லாயிட். பத்து மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு. பிறகுதான் இவள் பக்கம் திரும்பினார்.

"பிரிஸி, அவ கை மட்டும்தான் வந்திருக்காம். மீதிய நீ என்ன பண்ணேன்னு கேக்குறா."

பிரிஸில்லா சமையலறைப் பக்கம் பார்த்தாள். "அடுப்புல..."

லாயிட் தோள் பக்கம் தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டார். பழைய படத்தில் சிரித்த அதே சிரிப்பு முகத்தில் வந்தது. இவளோடு இருந்த நாளில் அவர் அப்படிச் சிரித்ததே இல்லை.

"பயப்படாதே. உன் கைய மட்டும் விட்டு வைக்கிறாளாம்."

இறங்கியிருந்த தோள் மெல்ல நிமிர்ந்தது. யாரோ அவரை விட்டு நகர்ந்தார்கள்.

பிரிஸில்லா சுவரைப் பார்த்தாள். கல்யாணப் படத்தின் கண்ணாடி உடையவில்லை. ஓரத்துத் தூசுகூடக் கலையவில்லை. உள்ளே கோட்டு சூட்டில் லாயிட் தனியாக நின்றார். அவர் பக்கத்தில் கத்தரி போன தடம் நேராகத் தெரிந்தது. அவர் முழங்கையில் வெள்ளைக் கையுறை போட்ட பிரிஸில்லாவின் கை மட்டும் கோத்திருந்தது.

மீதி இல்லை.

சமையலறையில் யாரும் இல்லை.

டிக்.

டிக்.

மூன்றாவது சொடுக்கில் அடுப்பு பற்றிக்கொண்டது.