கட்டிலுக்கடியில் பன்னிரண்டு நாள்

பூனை என்றால் நக்கிக் குடிக்கும். சளக் சளக் என்று மெல்லிசாக, விட்டு விட்டு, கதவில் காதை ஒட்டினால்தான் கேட்கும். உள்ளே இருந்தது அப்படிக் குடிக்கவில்லை. மடக் மடக்கென்று விழுங்கியது. விழுங்கி முடித்துவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தது.

கண்டக்டர் தேநீரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். எவர்சில்வர் கிண்ணம் தரையில் உட்காருகிற சத்தம் தெரியாத ஆளா அவர்? மனைவி போனபிறகு ஒன்பது வருஷமாகத் தானே கழுவி, தானே கவிழ்த்து வைத்துக்கொண்டிருக்கிறவர். மூக்கால் தள்ளியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டு, கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருதரம் அழுத்திப் பார்த்தார். வெளியே மத்தியானத்திலிருந்து மழை. நாலரை மணிக்கே வீடு பொழுது சாய்ந்ததுபோல இருண்டு கிடந்தது.

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் ஆள் எண்ணியே பழகியவர். இவன் ஏறினான், அவன் இறங்கவில்லை, இந்த அம்மா பிள்ளைக்கு வயசைக் குறைத்துச் சொல்கிறாள் என்று ஒவ்வொரு முகத்தையும் சந்தேகத்தோடு பார்த்தே முடி நரைத்துப்போனது. புண்ணியம் என்று சொல்லிக்கொண்டு யாராவது கிட்டே வந்தால் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொள்வார். அப்படிப்பட்டவரை விலங்குக் காப்பகத்துக்காரர்கள் வளைத்துப்போட்டது செவலையை வைத்துத்தான். செவலை அவருடைய நாய். பதின்மூன்று வயசு, ஒரு கண்ணில் புரை. போன வருஷம் வேன் ஏறிப் பின்னங்கால் நொறுங்கியபோது அவர்கள் தூக்கிக்கொண்டு போய், ஆபரேஷன் செய்து, இரண்டு மாசம் வைத்திருந்து, நடக்கவிட்டுக் கொடுத்தார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பார். கேட்காததால் மாட்டிக்கொண்டார்.

காப்பகத்தை நடத்துகிற டீச்சரம்மா ஒருநாள் போன் செய்தாள். ஒரு சாம்பல் பூனை, மனுஷனைக் கண்டாலே மிரள்கிறது, இரண்டு வாரம் ஒரு வீட்டில் இருந்து ஆள் வாசனை பழகினால்தான் யாராவது வளர்க்க எடுப்பார்கள் என்றாள்.

"என் வீட்ல கெழட்டு நாய் இருக்கும்மா."

"இருக்கட்டும்ணே. உங்க பின் ரூம் சும்மாதானே கெடக்கு. கதவைச் சாத்தி வெச்சுக்குங்க. ரெண்டு வாரத்துக்கு ரெண்டும் மூஞ்சிய மூஞ்சி பாக்கக் கூடாது."

மறுநாள் காலையில் காப்பகத்து வண்டி வந்தது. டிரைவர், வாயில் எதையோ மென்றுகொண்டே, துணி போட்டு மூடிய கூடையை இறக்கினான். துணியை எடுக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால் மிரளும். கட்டிலுக்கடியில் கூடையைத் தள்ளி, கை விட்டு மூடியை நகர்த்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டும். தினம் சாப்பாடு வைக்கணும். தினம் ஒரு மணி நேரம் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டே இருக்கணும். குனிந்து தேடக் கூடாது. கண்ணுக்குக் கண் பார்த்தால் இத்தனை நாள் பட்ட பாடும் வீண். மிரண்ட பூனையைப் பழக்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற முறை அதுதான் என்று டீச்சரம்மா மூன்றுதரம் சொல்லியிருந்தாள்.

கண்டக்டர் சொன்னபடி செய்தார். பேசு என்றால் அவருக்கு என்ன பேசத் தெரியும்? பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்துப் பழக்கமில்லை. அதனால் தெரிந்ததைச் சொன்னார். "உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க. நடுவுல வழி விடுங்க, பொம்பளைங்க ஏறட்டும்." சுவரைப் பார்த்து ஒரு மணி நேரம் காலி பஸ்ஸை ஓட்டினார்.

மூன்றாம் நாளே கிண்ணம் துடைத்ததுபோல் காலியானது. காலியான கிண்ணம் கதவோரம், அவர் வைக்கிற அதே இடத்தில் இருந்தது. புத்திசாலிப் பூனை என்று நினைத்தார். பூனை வெளிக்குப் போக வைத்த மணல் தட்டைப் பார்த்தால், தோண்டி மூடிய கோணல் எதுவும் இல்லை. கொத்தனார் மட்டப்பலகை போட்டுத் தேய்த்ததுபோல மணல் சமமாக இருந்தது. வாடையும் பூனை வாடை இல்லை. மழைக்காலத்தில் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் யாரோ விட்டுப்போன துணி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து கிடக்குமே, அந்த வாடை.

ஐந்தாம் நாள் டீச்சரம்மா கேட்டாள்.

"சாப்பிடுதாண்ணே?"

"என்னைவிட நல்லா சாப்பிடுது. ஒரு கிண்ணம் வெச்சேன், இப்போ மூணு வெக்கிறேன். வயித்துல குட்டி இருக்கும்போல."

"எட்டி கிட்டிப் பாத்தீங்களா?"

"நீங்கதானே பாக்காதேன்னீங்க."

"பாக்காதீங்க. அதுவா வரும். செவலை என்ன பண்றான்?"

"கதவு முன்னாடியே படுத்துக் கெடக்கான். மொத ரெண்டு நாள் உறுமினான். இப்போ உறுமறதில்ல."

"பாத்தீங்களா, பழகிட்டான்."

பழகத்தான் செய்தான். அதுதான் கண்டக்டருக்குப் பிடிக்கவில்லை. இந்த நாய் பால்காரனுக்கே இரண்டு வருஷம் கழித்துத்தான் வாலாட்டியது. அது கதவுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு, வாலைத் தரையில் தட்டித் தட்டிக் கிடந்தது. கூப்பிட்டால் எழுந்து வரும். வந்து இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். இடுக்கின் அந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தது. சில நேரம் அந்த வெளிச்சத்தை ஏதோ மறைத்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம், கூடத்தில் பாய் போட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது, யாரோ முணுமுணுப்பது கேட்டது. உள்ள போங்க. உள்ள போங்க. அவருடைய குரல்தான், கொஞ்சம் ஈரமாக, வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசினதுபோல. தூக்கத்தில் உளறுகிறோம் என்று வாயைத் தொட்டுப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. பக்கத்து வீட்டு டிவி என்று முடிவு கட்டினார். ஊரில் எவனையும் நம்பாதவர் அன்றைக்குத் தன் காதையும் நம்பவில்லை.

பத்தாம் நாள் கையில் வாங்கிக்கொண்டது. முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டி, வேகவைத்த கோழித்துண்டை விரல்நுனியில் பிடித்திருந்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கட்டிலின் சட்டம் மெல்ல முனகியது. அந்த ஈரத்துணி வாடை கழுத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பல் படவில்லை, மூச்சுப் படவில்லை. துண்டு விரலிலிருந்து உருவப்பட்டது. ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினால் பயணி இரண்டு விரலால் வாங்குவானே, அப்படி. பூனைக்குக் கால்விரல் அப்படி மடங்குமோ என்னவோ என்று நினைத்தபடி, அவர் திரும்பாமல் எழுந்து, திரும்பாமல் வெளியே வந்து, தாழ்ப்பாளைப் போட்டார். போட்டதை இரண்டுதரம் அழுத்திப் பார்த்தார். டீச்சரம்மாவிடம் மட்டும் பெருமையாகச் சொன்னார்.

"கையில வாங்கிடுச்சா? அப்போ ஜெயிச்சாச்சுண்ணே. இன்னும் ரெண்டு மூணு நாள்தான்."

இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். ஐந்து மணிக்கு மூன்று கிண்ணத்தையும் தட்டில் அடுக்கிக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். செவலையைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைச் சாண் அளவு திறந்தபோது கூடத்தில் போன் அடித்தது. மழை வந்தால் அந்தப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால்தான் பேச்சுக் கேட்கும். தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடினார். படியில் ஆள் இருக்கிறதா பார்க்காமல் ஒருநாளும் விசில் கொடுத்ததில்லை. இன்றைக்குக் கதவைப் பார்க்காமல் போய்விட்டார்.

"அண்ணே, உக்காந்துட்டுப் பேசுங்க."

"மழையில எங்கம்மா உக்கார? சொல்லுங்க."

"அந்தச் சாம்பல் பூனை இங்கதாண்ணே இருக்கு."

"எங்க?"

"ஸ்டோர் ரூம்ல. தீவன மூட்டைக்குப் பின்னாடி. நாலு குட்டி போட்டிருக்கு. இப்பத்தான் மூட்டையை நகர்த்துனோம். கழுத்துல எங்க பட்டை இருக்கு, நம்பரும் அதேதான். அது எங்கயும் போகல."

கண்டக்டர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ எனக்கு அனுப்பினது?"

"டிரைவரைக் கேட்டேன். காலையில கேட் பக்கத்துல மூடின கூடை இருந்துச்சாம். அதான் உங்களுக்குன்னு தூக்கிட்டு வந்துட்டான் அந்த எருமை. வளக்க முடியாதவங்க ராத்திரில கொண்டாந்து கேட்ல வெச்சுட்டுப் போறது எப்பவும் நடக்கறதுதான். ஆனா எங்களுது எல்லாம் பிளாஸ்டிக் பெட்டிண்ணே. எங்ககிட்ட கூடையே கெடையாது."

மழை ஓட்டில் கொட்டியது. அந்தச் சத்தத்தில் அவளுடைய மூச்சும் கேட்டது.

"வேற பூனையாத்தான் இருக்கும். பயப்படாதீங்க. ஊசி போட்டிருக்காது, அதான் விஷயம். செவலையை மட்டும் பக்கத்துல விட்றாதீங்க. நான் வண்டியோட கெளம்பிட்டேன், அரை மணி நேரம்." குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, பூனைதானே அது? ஒரு தடவையாச்சும் கத்துச்சா?"

அவர் பன்னிரண்டு நாளைத் திருப்பிப் பார்த்தார். கத்தவில்லை. பிறாண்டவில்லை. ஒரு முடிகூடக் கிடந்ததில்லை. போன் கையிலேயே இருந்தது, அவள் ஹலோ ஹலோ என்றாள். அப்போது கரண்ட் போனது.

"செவலை," என்றார்.

வழக்கமாக நகம் தரையில் படும். தக், தக், தக், நொண்டுகிற கால் ஒருதரம் இழுபடும். கேட்கவில்லை.

கூடத்தைக் கடந்தார். பாய் இருந்தது. தண்ணீர்ச்சட்டி இருந்தது. கதவு முன்னால் நாய் படுத்துப் படுத்துக் கறுத்துப்போன தரை இருந்தது. நாய் இல்லை. சாண் அளவு திறந்திருந்த கதவு இப்போது முழம் அளவு திறந்திருந்தது. உணவுத் தட்டு அந்த இடத்திலேயே இருந்தது. ஒரு பருக்கை குறையவில்லை.

விளக்குமாறு கைக்கு அகப்பட்டது. எடுத்துக்கொண்டார். டீச்சரம்மா வரட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அரை மணி நேரம். அந்த நாய் கால் நொறுங்கிக் கிடந்தபோது ரோட்டில் அவர் மடியில்தான் தலையை வைத்திருந்தது, ஒரு சத்தம் போடாமல். கதவைத் தள்ளினார்.

சன்னலுக்கு வலை அடித்திருந்தது, பூனை குதித்துவிடக் கூடாதென்று அவரே அடித்தது. அதன் வழியாக மழை வெளிச்சம் சாம்பலாக உள்ளே விழுந்தது. வாடை முகத்தில் அடித்தது. கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அறை நடுவில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டிலை விட்டு வெளியே. தரையில். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, அவர் உட்காருவதுபோலவே. அவருக்கு முதுகைக் காட்டி. முதுகு நீளம். எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக, நனைந்த தோலுக்குள். தலை சுவரைப் பார்த்திருந்தது. அசையவில்லை.

ஒரு கை மட்டும் பின்னால் நீண்டிருந்தது. விரல்நுனியில், முந்தாநாள் அவர் கொடுத்த கோழித்துண்டு.

அந்தக் கைக்கு இரண்டு அடி தள்ளி செவலை. வயிற்றைத் தரையில் தேய்த்து, காதைப் படியவைத்து, முன்னால் நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது.

கண்டக்டர் கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"உள்ள வா," என்றது அது, சுவரைப் பார்த்தபடியே, அவருடைய குரலில். "பயப்படாத. உள்ள வா."

செவலை வாலாட்டியது.

அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். இன்னொரு அடி. விளக்குமாறு கதவில் உரசியது. அது திரும்பவில்லை. முதுகு மட்டும் அசைந்தது. சிரிப்பை அடக்குகிறவன் முதுகு அசைவதுபோல.

நாய் கழுத்தை நீட்டித் துண்டை வாயில் வாங்கியது. விரலை நக்கியது. அந்த விரல்கள் மெதுவாக, ரொம்ப மெதுவாக, நாயின் கழுத்துப்பட்டையில் மாட்டிக்கொண்டன.

அப்போதுதான் அவர் கட்டிலுக்கடியைப் பார்த்தார். பன்னிரண்டு நாளில் முதல் தடவை.

கவிழ்ந்து கிடந்த கூடைக்குப் பக்கத்தில், இருட்டிலிருந்து, சின்னச் சின்னக் கைகள் வெளியே நீண்டிருந்தன. ஐந்து. இல்லை, ஏழு. பிறந்த குழந்தையின் கை அளவு. எல்லாம் உள்ளங்கையை மேலே திருப்பி, தரையில் வரிசையாக, சாப்பாட்டுக்குக் காத்திருந்தன.