விரோதி, கார்த்திகை 9

காலை ஒன்பது பத்துக்கு நஸ்ரீன் அன்றைய வானத்தை எழுதினாள். வாடைக்காற்று. மழை இல்லை. கீழே கையெழுத்து. ஆவண நிலையத்தில் எட்டுப் பேரும் இதையே எழுதினார்கள். மை காயும்வரை யாரும் பேசவில்லை.

சூரியப்புயலில் மின்பதிவுகள் அழிந்து நாற்பது வருடம் ஆகிறது. செயற்கைக்கோள் படங்கள், மழை அளவுகள், எல்லாம் ஒரே வாரத்தில் போயின. தாளில் இருந்தது தப்பியது. பிறகு வந்த சட்டம் தாளை மட்டும் நம்பியது. கையால் எழுதப்படாத புயல், வராத புயல். ஓர் ஊருக்குள் கடல் இரண்டு முறை வந்ததாக எழுத்து இருந்தால், ஊரைக் காலி செய்ய வேண்டும்.

லாசர் மோத்தா எட்டு மணியிலிருந்து காத்திருந்தார். சேந்தல்துறை ஊர்க்கமிட்டிச் செயலாளர். ஊரில் இரண்டாயிரம் பேர். ஊரைக் காலி செய்யும் உத்தரவு அன்று மாலை போக வேண்டியது.

"உங்க மிஷினு மூணு புயல்னு சொல்லிட்டாமே மேடம்?"

"புயல்கணி சொல்லுது. நான் இன்னும் சொல்லல, அண்ணாச்சி."

மேசையில் மூன்று தாள்கள். மாதாகோயில் உபதேசியார் எழுதியது ஒன்று. தோணிக்காரர் ஒருவரின் கடிதம் ஒன்று. மூன்றாவது யார் எழுதியது என்று தெரியவில்லை. மூன்றிலும் ஒரே செய்தி. விரோதி வருடம் கார்த்திகை 9, கடல் கோயிலின் மூன்றாம் படிவரை வந்தது. நாற்பத்தொரு பேர் இறந்தார்கள்.

விரோதி அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும். புயல்கணி தாள்களின் வயதைப் பார்த்து 1769, 1829, 1889 என்று பிரித்திருந்தது.

"இந்த வருஷமும் விரோதிதான்" என்றார் லாசர். "பேரே வெளங்காத பேரு."

நஸ்ரீன் சிரிக்கவில்லை. உருப்பெருக்கியை நகர்த்தினாள். உபதேசியாரின் தாளில், தேதிக்குப் பக்கத்தில், 'சனி' என்று இருந்தது. கடிதத்தைப் பார்த்தாள். சனிக்கிழமை இரவு. மூன்றாவதில் மை மங்கியிருந்தது. ஒளியை மாற்றினாள். சனி.

"அண்ணாச்சி, அறுபது வருஷம் கழிச்சு அதே தேதி அதே கிழமைல வராது. கிழமை அஞ்சாறு தள்ளிப்போகும்."

"அப்படின்னா?"

"இந்த மூணு விரோதில கார்த்திகை ஒம்பது சனிக்கிழமைல வந்தது 1889ல மட்டும்தான். மூணு பேரும் ஒரே புயலத்தான் எழுதியிருக்காங்க. கைல கிடைச்ச பழைய வெத்துத் தாள்ல எழுதியிருக்காங்க. மிஷின் தாளோட வயசப் பார்த்துச்சு. கிழமையப் படிக்கல."

"படிக்கத் தெரியாத மிஷினுக்கா இம்புட்டு கரண்டு?"

அவள் 'ஒன்று' என்று எழுதி முத்திரை குத்தினாள். லாசர் சிலுவை போட்டுக்கொண்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

நஸ்ரீனுக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. படி எவ்வளவு உயரம் என்று எந்தத் தாளிலும் இல்லை.

"அந்த மூணாம் படி இப்பவும் இருக்கா, அண்ணாச்சி?"

"இருக்கு."

"தரையிலேர்ந்து எவ்வளவு வரும்?"

"நம்ம இடுப்புக்கு." டம்ளரை உருட்டினார். "நாலாம் படி நெஞ்சுக்கு வரும்."

"நாலாம் படிய நான் கேக்கலையே."

லாசர் வாசலைப் பார்த்தார். மற்றவர்கள் தேநீருக்குப் போயிருந்தார்கள்.

"போன வாரம் வந்துச்சு மேடம், இந்தக் கார்த்திகை ரெண்டாந்தேதி. நாலாம் படிவரைக்கும். எல்லாரும் கோயில் மச்சுல ஏறிட்டோம். ஒருத்தரும் சாகல. அதனால வெளிய தெரியல."

"யார் எழுதினா?"

"யாரும் எழுதல. எழுதுனா ரெண்டாயிரும்லா."

முத்திரையின் மை இன்னும் ஈரமாக இருந்தது. 1889க்குப் பிறகு கடல் ஒரு படி ஏறியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த நிலையத்தைக் கட்டினார்கள்.

"ஆனா எழுதாம இருக்கவும் மனசு கேக்கல" என்றார் லாசர். "அந்த உபதேசியார் எழுதப்போய்தான, மூணாம் படின்னு தெரிஞ்சு நாங்க மச்சுல ஏறுனோம். எங்க பிள்ளைகளுக்கு நாலாம் படின்னு தெரியாண்டாமா?"

பையிலிருந்து கோயிலின் பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்தார். கடைசியில் ஒரு வெற்றுத் தாள், மேசையில் இருந்த தாள்களைப் போலவே பழுப்பேறியது. பேனாவைத் திறந்து மெதுவாக எழுதினார். விரோதி வருடம் கார்த்திகை மாதம் கடல் நாலாம் படிவரை வந்தது.

பேனா அங்கேயே நின்றது.

"இதுல பொய் ஒண்ணுமில்ல, இந்த வருஷமும் விரோதிதான. கிழமை போடணுமா, மேடம்?"