லியோனிக்கு வந்த ஒரே பதில்

ஏழு வாரமாக மெரின் டாஸ்கர் எழுதிப் போட்ட எதற்கும் வகுப்பில் ஒருவர்கூடப் பதில் எழுதியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தபோது, அவளுடைய பதிவுக்குக் கீழே ஒரு பதில் காத்திருந்தது.

"மெரின், நீங்க கேட்ட மாதிரியே கிட்டப் போய்ப் பார்த்தேன்."

எழுதியவள் லியோனி பாஸ்க்.

என்ன கேட்டோம் என்று மெரினுக்கு நினைவில்லை. லியோனி யார் என்பதே சரியாகத் தெரியாது. இணையவழிக் குழந்தைப் பராமரிப்புப் படிப்பில் பெயர்கள் மட்டும்தான், முகம் கிடையாது. விவாதப் பலகையில் வாரம் ஒரு பதிவு போட வேண்டும். மற்றவர்களில் இரண்டு பேருக்குப் பதில் எழுத வேண்டும். பெயர் சொல்லி அழைத்து, ஏதாவது ஒன்றைப் பாராட்டி, பேச்சு வளரும்படி ஒரு கேள்வி கேட்டால் மதிப்பெண். எல்லாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள். மீன் தொழிற்சாலையில் சால்மன் அறுத்து மரத்துப்போன விரல்களுக்கு அதற்குமேல் தெம்பில்லை. மூன்று வாக்கியங்களை எழுதி வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடுவாள். மூன்று வாரம் சுரங்கத்திலும் ஒரு வாரம் வீட்டிலுமாக இருக்கும் அவள் கணவன் டூகல் ஒருமுறை தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எதையுமே படிக்காம பாராட்டுறியே, நீ தேர்தல்ல நிக்கலாம்டி."

பத்துக்குப் பத்து வாங்கியிருப்பதைக் காட்டி அவன் வாயை அடைத்தாள்.

வெளியே, சுரங்க ஊரான சீஹானின் குளிர்கால மழை தகரக் கூரையில் விட்டுவிட்டுப் பெய்தது. மெரின் பழைய வாரங்களைப் புரட்டி, லியோனிக்குத் தான் பதில் எழுதியிருந்த நான்காம் வாரத்துப் பக்கத்தை எடுத்தாள். 'குழந்தைக்குப் பாதுகாப்பான இடம்' என்பது அந்த வாரத்துத் தலைப்பு. கிங் தீவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த லியோனி மூன்று பத்திகள் எழுதியிருந்தாள். குழந்தைகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

தன் வீட்டில் துணி துவைக்கும் அறைச் சுவரைப் பார்த்தபடி ஓர் ஆள் நிற்கிறான் என்று எழுதியிருந்தாள். மூக்கு சுவரில் படுகிற நெருக்கம். நனைந்த கம்பளி வாடை. பகலிலும் நிற்கிறான். தங்கையிடம் சொன்னால் டாக்டரைப் பார் என்கிறாள். வேறு சொல்ல ஆளில்லாமல் இங்கே எழுதுகிறாளாம். கடைசி வரி இது: "யாராவது இதைப் படிச்சா, நான் அதுகிட்டப் போகலாமா வேணாமான்னு மட்டும் சொல்லுங்க."

அதற்குக் கீழே ஒரே ஒரு பதில் இருந்தது. மெரினுடையது.

"அருமையான பதிவு, லியோனி! உங்க வர்ணனை ரொம்பப் பிடிச்சது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் விரிவாச் சொல்ல முடியுமா?"

மெரின் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

பாட ஆசிரியை பிரிஜெட் ஃபாருஜியாவின் எண் வகுப்புப் பக்கத்தில் இருந்தது. பிரிஜெட் உடனே எடுத்தாள், அலுத்த குரலில். லியோனியின் பெயரைக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: ஐந்தாம் வாரமே லியோனியின் தங்கை கூப்பிட்டாளாம். வீடு திறந்து கிடந்ததாம், அடுப்பில் கெட்டில் தண்ணீர் வற்றிக் கருகியிருந்ததாம், ஆளையும் அவளுடைய நீல ரப்பர் பூட்ஸையும் மட்டும் காணவில்லையாம். போலீஸ் இன்னும் கடற்கரையில்தான் தேடிக்கொண்டிருக்கிறது. அவளுடைய வகுப்புக் கணக்கை அன்றைக்கே மூடியாகிவிட்டது.

"அப்போ இன்னைக்கு எனக்கு எழுதினது யாரு?"

"தெரியல மெரின். எனக்கு இங்க எதுவும் காட்டல."

"அவ எழுதினதை நீங்க படிச்சீங்களா?"

"நூத்தி நாப்பது பேர் இருக்கீங்க. யாரு எத்தனை பதிவு போட்டாங்கன்னு மட்டும்தான் பார்ப்போம்." குரல் தாழ்ந்தது. "உங்களுக்கு முழு மார்க் போட்டிருந்தேன். அவங்களுக்குப் பதில் போட்டது நீங்க மட்டும்தானே."

போனை வைத்த பிறகு மெரின் பலகையின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். முதல்முறையாக ஒட்டாமல் எழுதினாள்: "லியோனி, மன்னிச்சிடு. நான் அதைப் படிக்கவே இல்ல."

பதில் உடனே வந்தது.

"தெரியும். இப்போ படிச்சிட்ட."

மழை ஓய்ந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் அடங்க அடங்க, அதற்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது தெரிந்தது. மூடிய வாய்க்குள் யாரோ மெதுவாக மூச்சு விடுவது போல. சமையலறைக்கு வெளியே இருந்த நடைகூடத்தின் பக்கமிருந்து, இருட்டில் நனைந்து கிடந்த கம்பளியின் புளித்த வாடை, கதவிடுக்கு வழியாகத் தரையோடு தவழ்ந்து வந்து அவள் கணுக்காலைச் சுற்றி நின்றது. வீட்டின் இரண்டு வெளிக்கதவுகளும் அந்த நடையில்தான் இருந்தன. சமையலறை ஜன்னலைச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்து வைத்தவன் டூகல், குளிர் வருகிறதென்று.

டூகலைப் போனில் கூப்பிட்டாள். அவன் சுரங்கத்துக்குள் இருந்தான், போன் எட்டவில்லை. போலீஸ் எண்ணை அழுத்தினாள். இணைப்பு கிடைத்தது. அந்தப் பக்கமும் அதே மூச்சு.

மணி நாலரை. கெடு நெருங்க நெருங்கப் பலகையில், இணைப்பில் இருப்பவர்களைக் காட்டும் பச்சைப் புள்ளிகள் கூடிக்கொண்டிருந்தன. முப்பத்தோரு பேர். முப்பத்தோரு மனிதர்கள். மெரின் தட்டினாள். எழுத்துகள் பிசகின, திருத்தவில்லை. 'என் வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. சீஹான், வில்சன் தெரு, நாலாம் நம்பர். போலீசுக்குச் சொல்லுங்க. இது பாடம் இல்ல. தயவுசெஞ்சு.'

பதில்கள் வந்து விழுந்தன. ஒன்று. நான்கு. ஒன்பது.

"சூப்பர் மெரின்! படிக்கும்போதே உடம்பு சிலிர்த்துச்சு."

"நல்ல கருத்து மெரின். இதை வகுப்பறையில எப்படிப் பயன்படுத்தலாம்?"

"நீங்க சொல்றதை முழுசா ஏத்துக்கிறேன். இன்னும் விரிவாச் சொல்லுங்களேன்."

அவள் ஒவ்வொருவருக்கும் எழுதினாள். நிஜம். நிஜமாகத்தான். யாரும் திரும்பி வரவில்லை. ஐந்து மணிக்குப் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பலகை பூட்டிக்கொண்டது.

இருட்டிவிட்டது. மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

கதவு தானாகத் திறக்கவில்லை. அவள்தான் திறந்தாள். உள்ளேயே இருக்க முடியவில்லை.

நடை. விளக்கு. சுவர்.

இரண்டு பேர். முதுகைக் காட்டிக்கொண்டு. நெட்டையான ஓர் ஆண், தோளில் தண்ணீர் சொட்டும் கம்பளிக் கோட்டு. அவன் பக்கத்தில் நீல ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண். இருவர் மூக்கும் சுவரில்.

மெரின் அசையவில்லை. அவர்களும் திரும்பவில்லை. பாதம் தேய்கிற சத்தம் மட்டும் வந்தது. அவன் அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமும் அரையடி ஒதுங்கிக்கொண்டார்கள்.

நடுவில் ஓர் ஆள் நிற்க இடம்.

அந்த இடத்துச் சுவரில், மெரினின் மூக்கு உயரத்தில், வட்டமாக ஓர் ஈரம் படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது. குளிர்ந்த சுவரில் மூச்சுக்காற்று படிகிற ஈரம்.

சமையலறை வாசலில் நின்றபடியே மெரின் மூச்சை அடக்கினாள்.

ஈரம் நின்றது.

அவள் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு நின்றாள்.